தலைகீழ் முள்

முள்ளைப் பற்றி இன்றைக்கு நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் டேங்கை இறக்கினேன், இறக்கி இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்துவிட்டு மணி பார்த்தால் ஒன்றரை, நாலு மணிக்குத் திலகா அண்ணி வந்துவிடுவார், இரண்டரை மணி நேரம், டேங்கில் பெட்ரோல் அளவு பார்க்கிற யூனிட்டை மாற்றுவதற்கு அது தாராளம், மற்றதற்குத்தான் போதாது. தகரக் கூரை காய்ந்து டிக் டிக் என்கிறது. பக்கத்து மாவு மில்லின் அதிர்வு சுவர் வழியாக வந்து முதுகில் ஏறுகிறது. காலை ஆறு மணிக்குப் பெட்ரோல் பங்க்கிலிருந்து வந்தவன் இன்னும் படுக்கவில்லை, படுத்தாலும் வராது. இருபது வருஷமாக ராத்திரி வேலை, என் மனைவிக்கு மில்லில் பகல் வேலை, ஒருத்தர் விட்டுப்போன சூட்டில் இன்னொருத்தர் படுக்கிற குடும்பம், அந்தத் தூக்கமும் நாற்பத்தொரு நாளாகப் போய்விட்டது. ராத்திரி முழுக்க "ஜீரோ பாத்துக்குங்க சார்", "ஜீரோ பாத்துக்குங்க மேடம்". அதைச் சொல்லாமல் குழாயைத் தூக்கினால் சண்டைக்கு வருவார்கள், மெஷினில் ஜீரோவைக் காட்டிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், கொஞ்சம் கண் அசந்தால் கனவில்கூட என் வாய் அதைச் சொல்கிறதாம், மில் லீவு நாளில் மனைவி சொன்னாள், ஜீரோ ஜீரோன்னு முனகறீங்களே என்ன கணக்கு அது என்றாள். கணக்கு இல்லை. பழக்கம். பழக்கம்தான் மனுஷனைக் காப்பாற்றுகிறது என்று நினைத்திருந்தேன், தூக்கத்தில் என் வாய் பழக்கத்தில் ஒன்று சொன்னதால்தானே இதெல்லாம், வேண்டாம், அதை இப்போது எடுக்க வேண்டாம், முதலில் ஹோஸ், கிளிப்பைத் தளர்த்து, உள்ளே இருக்கிற மிச்சம் சட்டையில் தெறிக்காமல் பார்த்துக்கொள்.

முட்டை என்று இந்த வண்டிக்குப் பெயர் வைத்தவர் அண்ணியின் கணவர் நஞ்சப்பண்ணன்தான். எண்பத்து நாலாம் வருஷத்துக் கார், வெள்ளை, எல்லா மூலையும் உருண்டை. வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுக்கிறவர் அவர், நேர்கோட்டையே நாள் பூராவும் பார்க்கிற கண்ணுக்கு இந்த உருண்டை ஒரு ஆறுதல் ராக்கியப்பா என்பார். கார்புரேட்டர் வண்டி, மார்கழிக் காலையில் கிழவன் மாதிரி இருமும். இதை இன்ஜெக்‌ஷன் ஆக்கிக் குடுத்தர்றியா என்று அவர் கேட்டபோது முடியாதுங்ணா என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நான் எந்த ஐடிஐயிலும் படித்தவன் இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய மேனுவல், போனில் பார்த்த வீடியோ, கெட்டுப்போன வண்டிகள், இவைதான் என் வாத்தியார்கள். ஆனால் அவர் மாதிரி யாரும் என்னிடம் கேட்டதில்லை, பெட்ரோல் போடுகிறவனிடம் எஞ்சின் மாற்றித் தருகிறாயா என்று. பதினொரு நாள் பெட்ரோல் லைனுக்கே போயிற்று. பழைய செம்புக் குழாய் ஆறு எம்எம், சும்மா உறிஞ்சிக் குடிப்பதற்குத்தான் அது ஆகும், இன்ஜெக்‌ஷனுக்கு மூன்று கிலோ பிரஷர், அந்த அழுத்தத்தை இந்தக் குழாயில் விட்டால் முட்டை வெந்துவிடும் என்று அவரே சிரித்தார். எட்டு எம்எம் லைன் புதிதாக வளைத்தேன், மிச்சம் திரும்பி வர ரிட்டன் லைன் தனியாக இழுத்தேன், சாதாரண கிளிப் போடாமல் பிரஷர் கிளிப்பாகத் தேடி வாங்கினேன், ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிக் கன்னத்தை வைத்துக் கேட்டேன். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு கசிந்ததில்லை. இப்போதும் தொட்டுப் பார்க்கிறேன், காய்ந்து கிடக்கிறது, குழந்தையின் உள்ளங்கை மாதிரி. எரியக்கூடியதெல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறேன். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று முன்னால் போய்ச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு ஒயரில்தான் தப்பு.

பித்தளை உளியை வைத்துத் தட்டி வளையத்தைத் திருப்புகிறேன், இரும்பு என்றால் பொறி பறக்கும், பித்தளைக்குப் பயமில்லை. யூனிட் வெளியே வருகிறது. ஒரு கம்பிக் கை, அதன் நுனியில் மிதவை, கையின் அடியில் ஒரு சின்ன ஓடு, அதன் மேல் பல் பல்லாகக் கோடுகள். பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், கை நகரும், மின்தடை, அதாவது ஓம், மாறும், டேஷ்போர்டில் முள் அசையும், அவ்வளவுதான் சங்கதி. இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்காக டேங்கை மாற்றியபோது யூனிட்டும் வேறு வேண்டியிருந்தது, உக்கடத்தில் பழைய சாமான் விற்கிறவரிடம் ஓம் மீட்டரை வைத்து இதை நான் அளந்துகொண்டிருந்தபோது அவர், "ஓம்ங்கறது சாமி பேருன்னு நெனச்சிங்களாங்ணா, எல்லாத்துக்கும் பொருந்தறதுக்கு? வண்டிக்கு வண்டி மாறும்ங். பாத்து எடுங்" என்றார். என்னைக் கிண்டல் செய்கிறார் என்று ரோஷம் வந்தது. அதெல்லாம் தெரியுங் என்றேன். தெரியும்தான். முட்டையின் பழைய டேஷ்போர்டு மீட்டருக்குப் பத்து முதல் நூற்றெண்பது வரை வேண்டும் என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். இந்த யூனிட்டில் அளந்தேன், பத்து வந்தது, நூற்றெண்பது வந்தது. பொருந்திவிட்டது என்று துள்ளினேன். எந்த முனையில் பத்து, எந்த முனையில் நூற்றெண்பது என்று பார்க்கவில்லை. முட்டையின் மீட்டருக்குப் பத்து வந்தால் ஃபுல். இந்த யூனிட்டோ டேங்க் காலியானால் பத்து காட்டும். இரண்டு எண்ணும் சரி, திசை மட்டும் தப்பு. வாத்தியார் இல்லாமல் படித்தவன் செய்கிற தப்பு இதுதான், பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் உட்கார்ந்தவன்கூடச் செய்யமாட்டான். அதைவிடக் கொடுமை, அன்றைக்குச் சோதித்துப் பார்க்க நான் ஊற்றியது பாதி டேங்க். முள் பாதியில் போய் நின்றது. நஞ்சப்பண்ணன் கைதட்டினார். தலைகீழாகப் பொய் சொல்கிற முள்ளும் பாதியில் மட்டும் உண்மை சொல்லும், அது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு வாரம் கழித்து அவர் ஃபுல் டேங்க் போட என் பங்க்குக்கே வந்தார். நான்தான் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற முள் இறங்கிக்கொண்டே போனது. நானும் அவரும் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டேங்க் நிறைந்து வழிகிற நேரத்தில் முள் காலியில் படுத்துவிட்டது. அப்போது ஒரு பேச்சு வந்தது. யார் முதலில் சொன்னோம் என்பதில்தான் இத்தனை நாளாக நான் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். "இதும் நல்லதுதானுங்ணா, திருடன் எடுத்துட்டுப் போனா ஃபுல்லா இருக்குதுன்னு நம்பிப் பாதி வழியில நிப்பான்." இதை அவர் சொன்னதாகத்தான் முதல் பத்து நாள் நினைவில் இருந்தது. அவர் குரலிலேயே கேட்டது. பிறகு ஒரு நாள் பங்க்கில் ஒரு லாரிக்கு ஊற்றும்போது திடீரென்று கவனித்தேன், அந்தப் பேச்சில் "ங்ணா" இருக்கிறது. அவர் என்னை எதற்கு அண்ணா என்று கூப்பிடப் போகிறார், அவர் எனக்கு எட்டு வயது மூத்தவர். சொன்னது நான். என் தப்பை ஒரு சிரிப்பால் மூடினது நான். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த முள்ளுக்கே திருடன் என்று பெயர் வைத்துவிட்டார். "ராக்கியப்பா, திருடன் மேல ஏறிட்டான், ஊத்து" என்பார், வண்டி காலி என்று அர்த்தம். "திருடன் படுத்துட்டான்" என்றால் நிறைந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாஷை. என்னோடு அப்படி ஒரு பாஷை பேசினவர் வேறு யாரும் இல்லை, அதனால்தான் அதை மாற்ற எனக்கு அவசரம் வரவில்லையோ. இல்லை, சோம்பல். டேங்கை இறக்க வேண்டும், ஒரு பகல் தூக்கம் போகும். பார், இப்போதும் இன்னொரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புது யூனிட்டை எடுத்து மீட்டர் முனைகளை வைக்கிறேன். மிதவை கீழே, நூற்றெண்பது. மிதவை மேலே, பத்து. திரும்ப வைக்கிறேன். திரும்ப. ஏழாவது முறை. இத்தனை முறை அன்றைக்குப் பார்த்திருந்தால். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது, நான் தூங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. போனில் அண்ணி. "தம்பி, முட்டை நின்னுபோச்சுங். பாலத்து ஏத்தத்துல நிக்கறமுங். இவருக்கு நெஞ்சு வலிங் தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போறமுங்." தூக்கம் கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன், எழுந்து உட்கார்ந்துவிட்டேன், ஆனால் வாய் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. அது தன் பழக்கத்தில் கேட்டது, "பெட்ரோல் இருக்குதுங்களா அண்ணி?" "ஃபுல் காட்டுதுங்." "அப்பப் பெட்ரோல் இல்லீங் பிரச்சனை. சாவிய ஆன் பண்ணி மூணு எண்ணிட்டுத் திருகுங். விட்டு விட்டுத் திருகுங், புடிச்சுக்கும். நான் வந்தர்றேன்." இந்த வார்த்தைகளை நான்தான் சொன்னேன். உலகத்தில் அந்த முள் பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் படுத்திருந்தார், இன்னொருத்தன் அது உண்மை என்று சொல்லிவிட்டான். சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்து சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும்போது, பக்கத்து ஸ்கூட்டரின் மீட்டரில் ஒரு சின்ன முள், அதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். திருடன் மேலே ஏறியிருக்கிறான். போன் போட்டேன். எடுக்கவில்லை. அண்ணி திருகிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று எண்ணி, திருகி, மூன்று எண்ணி, திருகி. பத்து நிமிஷம். காலி என்று நான் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே ஒரு ஆட்டோவை நிறுத்தியிருப்பார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டோ பிடித்துப் போய்விட்டிருந்தார்கள். பாலத்து ஏற்றத்தில் முட்டை கதவு திறந்து கிடந்தது. பின் சீட்டுக்குக் கீழே அவருடைய வலது கால் செருப்பு. பைக்கில் எப்போதும் வைத்திருக்கிற ஒரு லிட்டர் பாட்டிலை டேங்கில் ஊற்றினேன், மூன்று எண்ணினேன், திருகினேன், முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை விட மோசமான சத்தம் ஒன்றை நான் கேட்டதில்லை. பேட்டரிகூட இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், பத்து நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம் என்றாராம். டாக்டர்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார்கள் என்று என் மனைவி ஆறுதலுக்குச் சொன்னாள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதை அளக்க மீட்டர் இல்லை. எழவு வீட்டில் யாரோ கேட்டார்கள், வண்டிக்கு என்னாச்சுப்பா. "பேட்டரி வீக்குங்" என்றது என் வாய். இந்த வாயை என்ன செய்வது. ஓரமாக உட்கார்ந்திருந்த அண்ணி தலையைத் தூக்காமல், "நான்தான் தப்புத் தப்பாத் திருகிப் பேட்டரியக் காலி பண்ணிட்டனுங்" என்றார், யாரிடமும் இல்லை, தரையிடம். இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது அவர் வண்டி கற்று. ஐம்பத்திரண்டு வயதில் கற்றார். அண்ணன் சாயங்காலம் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், பெட்ரோலெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ ரோட்டப் பாரு என்று. என்னிடம் மட்டும் ஒரு நாள் சொன்னார், இதை நினைக்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து இத்தனை சுற்று, "திலகா தனியா எடுக்கறதுக்குள்ள அந்தத் திருடனப் புடிச்சு வெளிய போட்ரு ராக்கியப்பா." "அடுத்த ஞாயித்துக்கெழமைங்ணா" என்றேன். நான் சொன்ன அந்த ஞாயிறுதான் அவர் போன ஞாயிறு. அவர் மறக்கவில்லை, நான் மறக்கவில்லை, சனிக்கிழமை ராத்திரி பங்க்கில் கூட்டம் அதிகம், தூங்கி எழுந்து மத்தியானம் செய்யலாம் என்று படுத்தேன்.

புது யூனிட்டைப் பொருத்தி, ரப்பர் வளையம் வைத்து, இறுக்கியாகிவிட்டது. டேங்கை ஜாக்கியில் ஏற்றி அதன் இடத்தில் மாட்டியாகிவிட்டது. லைன், ரிட்டன், கிளிப் எல்லாம். மிச்சம் இருப்பது டிக்கி வழியாகத் தொங்குகிற அந்த ஒயர் ஒன்றுதான், அதைப் புது யூனிட்டில் சொருகினால் முடிந்தது, முள் இனிப் பொய் சொல்லாது, நாளைக்கு வாங்குகிறவர் வந்து ஓட்டிக்கொண்டு போவார், பழைய யூனிட்டை இரும்புக் கடையில் போட்டுவிடலாம். அப்புறம் நடந்ததற்கு ஒரு சாட்சியும் இருக்காது. சரிசெய்வதும் மறைப்பதும் ஒரே ஸ்பேனரால்தான் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். பாலத்து மேல நான் திருகிட்டே இருக்கறப்ப இவரு பின்னால இருந்து திருடன், திருடன்னாருங். அதுதான் கடைசியாப் பேசுனது. நான் திரும்பிப் பாத்தா என்னையத்தான் பாத்துட்டு இருக்கறாரு. யாரத் தம்பி திருடன்னிருப்பாரு? என்னையவா?" நான் என்ன சொன்னேன். நெனவு தப்பி இருக்கும்ங் அண்ணி என்றேன். அவர் தலையாட்டினார். போன வாரம் போன் பண்ணி, முட்டைய வித்துப்போடுங் தம்பி, இனி நான் சாவியத் தொடமாட்டேன் என்றார். இந்த ஒயர் என் விரல்களுக்கு நடுவில் இருக்கிறது. வெறும் அரை விரல் நீளச் சொருகி. சொருகு. சொருகாமல், சோதனைக்கு வைத்திருக்கிற நீள ஒயரை அதில் கோர்த்து, முன் கதவு வரை இழுத்து, பழைய யூனிட்டில் மாட்டி, சாவியை ஆன் பண்ணிப் பார்க்கிறேன், ஒரே ஒரு முறை, கடைசியாக. மிதவை தரையைப் பார்த்துத் தொங்குகிறது. முள் மெல்ல, வெட்கமே இல்லாமல், ஃபுல்லுக்குப் போய் நிற்கிறது.

"தம்பி." திரும்பினால் வாசலில் அண்ணி. மணி மூன்றரைதான் ஆகிறது. "சீக்கரம் வந்துட்டனாட்ட. இருங், நீங்க வேலையப் பாருங். அவரு கண்ணாடிக் கூடும் ஸ்கேலும் உள்ள கெடக்குது, அத எடுத்துட்டுப் போயர்றேன்." என்னைத் தாண்டி வந்து, சாவியைத் தொடாமல் சேலையை ஒதுக்கி, டிரைவர் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து டேஷ்போர்டுப் பெட்டிக்குக் கையை நீட்டினவர் நின்றுவிட்டார். "ஃபுல் பண்ணி வெச்சிருக்கீங்களா? விக்கற வண்டிக்கு எதுக்குங் இத்தன பெட்ரோலு?" நான் பதில் சொல்ல வேண்டும். ஆமாங் என்று சொல்லலாம். அதற்குள் இந்த வாய், இந்தப் பழக்கம் பிடித்த வாய், தானாகத் திறந்து சொன்னது, "ஜீரோ பாத்துக்குங் அண்ணி." அவர் என்னைப் பார்த்தார். "ஜீரோ எங்கீங்? ஃபுல்லுதான காட்டுது." "அதுதானுங் ஜீரோ."

முன் கதவுப் படியில் ஒயரோடு கிடந்த பழைய யூனிட்டை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். மிதவையை விரலால் மேலே தூக்கினேன். முள் இறங்கியது. இறக்கினேன். முள் ஏறியது. "இத மாட்டுனது நானுங். தலைகீழா மாட்டிட்டனுங். அண்ணனுக்குத் தெரியும். நாங்க ரெண்டு பேரும் இதத்தான் திருடன்னு சொல்லுவமுங், அவரு உங்களச் சொல்லலீங், காலின்னு சொல்லிருக்காருங் அண்ணி, பெட்ரோல் காலின்னு. நான்தான் போன்ல…" மாவு மில் நின்றிருந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை. அண்ணி கையை நீட்டினார். கொடுத்தேன். அவரே மிதவையைத் தூக்கினார், இறக்கினார். முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப நான் சரியாத்தான் ஓட்டுனனா?" "சரியாத்தானுங் ஓட்டுனீங்." "ஏத்தத்துல ரெண்டாவது கியரு போட்டனுங். அவரு சொன்னாப்லயே." "ஆமாங்." "கடைசி வரைக்கும் எனக்கு வண்டி சொல்லிக் குடுத்துட்டேதான் இருந்திருக்கறாரு. எனக்குத்தான் அந்தப் பேச்சு புரியல." மறுபடியும் தூக்கினார், இந்த முறை பாதியில் நிறுத்தினார், முள்ளும் பாதியில் நின்றது. அழுவார் என்று நினைத்தேன். என் கன்னத்தில் அறைவார் என்றும், அறைந்தால் தேவலை என்றும் நினைத்தேன். யூனிட்டை மடியில் வைத்துக்கொண்டு, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னார்.

"நாப்பத்தியொரு நாளு என்னைய அந்தப் பாலத்து மேலயே நிக்க வெச்சுட்டீங்களே தம்பி."